வெந்நீரில் முடிந்த தொடர்கதை

ஒரு பெரிய எழுத்தாளருடைய நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதியவள் நான். அது அவருக்குத் தெரியாது. அந்த அத்தியாயத்தை நம்பி ஒரு பெண் கல்யாணம் செய்துகொண்டாள். அது என் கைவரிசை என்று அவளுக்கும் தெரியாது.

அப்பாடா... சொல்லிவிட்டேன்! பதினேழு வருஷமாக வாய்வரை வந்து வந்து திரும்பிப் போன விஷயம். எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

நீங்கள் என்னைப் பொய்க்காரி என்று நினைக்கலாம். திருடி என்றும் நினைக்கலாம். இரண்டும் சரிதான், மறுக்க மாட்டேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இதில் சிரிப்பதற்கும் நிறைய இருக்கிறது. நானே எத்தனையோ தடவை அடுப்படியில் தனியாக நின்று சிரித்திருக்கிறேன். சிரித்து முடித்த பிறகுதான் செய்த காரியம் உறைக்கும்.

என் பெயர் விஜயா. திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது என் கணவருக்கு இங்கே வேலை மாற்றல் ஆயிற்று. ஆரணியிலிருந்து வந்து பே கோபுரத் தெருவில் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். நான்கு போர்ஷன், ஒரு கிணறு, ஒரே ஒரு துணி காயப்போடும் கொடி. நான் தமிழ் டைப்பிங்கில் ஹையர் தேறியவள். தேரடிப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காலையும் மாலையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

பக்கத்துப் போர்ஷனில் சரோஜா அக்கா. கீழ்பென்னாத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. செங்கத்தில் இருந்த தம்பியின் குடும்பம் அவளை நம்பித்தான் ஓடியது. அம்மாவும் தம்பியோடுதான் இருந்தாள். தினமும் காலையில் சரோஜா அக்கா பஸ் ஏறிப் போவாள், சாயங்காலம் வருவாள், ஒரு டம்ளர் காபியோடு என் வாசற்படியில் உட்காருவாள். அவ்வளவுதான் அவள் நாள்.

நாங்கள் குடிவந்த மாதம்தான் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தத் தொடர்கதை ஆரம்பித்தது. கதையின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துவிடுங்கள். கோமதி என்று ஒரு நர்ஸ். முப்பத்தேழு வயது. ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள், தனக்கென்று யாரும் இல்லாதவள். அவளைத் தேடி வருகிறார் மனைவியை இழந்த ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். கதை இவ்வளவுதான். ஆனால் எழுதியவர் எழுதிய விதம் இருக்கிறதே... வியாழக்கிழமை எப்போது வரும் என்று ஊரே காத்துக் கிடந்தது!

சரோஜா அக்கா மட்டும் படிக்கவில்லை. ஆமாம்! பத்திரிகையை முதல் ஆளாக வாங்குவாள், தொடர்கதைப் பக்கங்களைப் பிளேடால் நறுக்குவாள், ஒரு மஞ்சள் பையில் வரிசையாக வைத்துவிடுவாள்.

"ஏன்க்கா, வாராவாரம் படிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"எனக்கு அந்தத் 'தொடரும்' தாங்காது விஜயா. ஒரு வாரம் பூரா நெஞ்சு அடிச்சிக்கும். முடியட்டும். பைண்டு பண்ணி, அரையாண்டு லீவுல ஒரே மூச்சா படிச்சிக்கிறேன்."

நறுக்குவதற்கு முன் நான் படித்துக்கொள்ள அனுமதி உண்டு. கதையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று அண்ணாமலையார் பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அறுபது வாரம் நான் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே சத்தியம் அது.

கடைசிக்கு முந்தின வாரம். ஸ்டேஷன் மாஸ்டர் மழையில் நனைந்து வந்து கோமதியின் வாசலில் நிற்கிறார். "வரட்டுமா, போகட்டுமா?" என்று கேட்கிறார். அதோடு நிறுத்திவிட்டார்கள். கீழே பெட்டிக்குள் 'அடுத்த இதழில் முடியும்'. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

கடைசி இதழ் வந்தபோது கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் இருந்தது. தீபம் என்றால் எங்கள் ஊரில் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? சொந்தக்காரர்கள் என்று அதுவரை நமக்கே தெரியாதவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்! இரண்டு அறை வீட்டில் பதினோரு பேர். அன்றைக்குப் பார்த்து சரோஜா அக்கா மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தாள். பைண்டிங் கடை எங்கள் இன்ஸ்டிடியூட்டுக்குப் பக்கத்துக் கடை. தீபம் முடிந்ததும் போட்டுவிடச் சொன்னாள். கடைசி இதழை இன்னும் நறுக்கவில்லை, முழுசாகவே பைக்கு மேலே செருகியிருந்தாள்.

"இதையும் நீயே நறுக்கிடு விஜயா. நான் நறுக்கினா கண்ணு தானா படிச்சிடும்" என்றாள். பதினோரு பேருக்கு வடித்துக் கொட்டியதில் அந்த இரண்டு நாளும் எனக்கு அதைப் பிரித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

தீபத்தன்று காலையில் எல்லோரும் மலை சுற்றக் கிளம்பினோம். வழியில் சாப்பிடப் புளிசாதப் பொட்டலம். உள்ளே வாழையிலை, வெளியே தாள், குறுக்கே நூல். நான் அடுப்புக்கும் பொட்டலத்துக்கும் நடுவில் சுழன்றுகொண்டிருந்தேன். கட்டுவதற்கு வைத்திருந்த தாள் தீர்ந்துபோயிற்று. "சீக்கிரம் ஆகட்டும்மா, வெயில் ஏறுது" என்று மாமனார் வாசலில் இருந்து குரல் கொடுத்தார். கையை நீட்டினேன். கைக்கு ஒரு பத்திரிகை கிடைத்தது. கிழித்தேன், மடித்தேன், கட்டினேன்.

யாரோ எடுத்துக் கொடுத்தார்கள் என்று சொல்லத்தான் ஆசை. இல்லை. நானேதான் எடுத்தேன். நானேதான் கிழித்தேன்.

கோயிலைத் தாண்டி நடக்கும்போதுதான் உறைத்தது. கடைசிப் பொட்டலத்தைக் கட்டும்போது ஒரு படம் கண்ணில் பட்டதே... குடை பிடித்த ஒரு பெண்... ஐயோ, கோமதி!

அடி அண்ணாமலையில் மரத்தடியில் உட்கார்ந்து பதினோரு பேரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் சாப்பிடவில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் போய்க் குனிந்து, "தாளக் கசக்காதீங்க, தாளப் போடாதீங்க" என்று கெஞ்சினேன். என் நாத்தனார், "ஏன் அண்ணி, தாள்ல வேற ஏதாவது பிரசாதம் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். சின்ன மாமனார் அதற்குள் தன் தாளில் கையைத் துடைத்துத் தூக்கிப் போட்டிருந்தார். அதை ஒரு ஆடு மென்றுகொண்டிருந்தது. நான் ஆட்டோடு சண்டைக்குப் போனேன். ஆடுதான் ஜெயித்தது.

தேறியது இரண்டு துண்டு. ஒன்றில் கூந்தல் தைல விளம்பரம். இன்னொன்றில் நல்லெண்ணெய் ஊறிய எழுத்துகளுக்கு நடுவே 'கோமதி கதவை' என்று இரண்டே வார்த்தை. திறந்தாளா? சாத்தினாளா? அது ஆட்டுக்குத்தான் தெரியும்.

அன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே 'அண்ணாமலைக்கு அரோகரா' என்று கை தூக்கியது. நானும் தூக்கினேன். எல்லோரும் மோட்சம் கேட்டிருப்பார்கள். நான் ஒரு பழைய இதழ் கேட்டேன்.

கிடைக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. பழைய பேப்பர் கடையில் மூட்டைகளைக் கொட்டித் தேடினேன். நூலகத்துக்குப் போனேன். அங்கே இதழ் இருந்தது! அவசரமாகப் புரட்டினால்... அந்த இரண்டு தாளை மட்டும் யாரோ பிளேடால் சுத்தமாக நறுக்கி எடுத்திருந்தார்கள். ஊரில் பைண்டிங் பைத்தியம் சரோஜா அக்கா ஒருத்திதான் என்று நினைத்தது என் தப்பு. போளூர் பெரியம்மாவுக்குக் கடிதம் போட்டேன். அவர்கள் வேறு பத்திரிகை வாங்குகிறார்களாம்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள், இல்லையா? சொல்லத்தான் போனேன். வாசலில் நின்றேன். அவள் பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"லீவுக்கு இன்னும் பத்து நாள்தான். நான் எதுக்குமே இப்படி ஆசப்பட்டதில்ல விஜயா. சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கோழைத்தனம்தான். ஆனால் கோழைத்தனம் மட்டும்தானா? உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது! அதற்கு முன்பே நான் மூன்று சிறுகதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தேன். மூன்றும் நான் வைத்த உறையிலேயே பத்திரமாக வீடு திரும்பின. கோமதியின் வாசலில் ஸ்டேஷன் மாஸ்டர் நனைந்துகொண்டே நிற்கிறார், அவரை என்ன செய்வது என்று சொல்ல யாருமில்லை... எனக்குக் கை துறுதுறுத்தது. அதுதான் நிஜம்.

வகுப்பில்லாத மதிய நேரத்தில் இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து மூன்று நாளில் டைப் அடித்தேன். ஆறு பக்கம். ஏன் சந்தோஷமாக முடித்தேன் என்று கேட்டால், சோகமாக முடிக்க எனக்குத் திறமை போதவில்லை. அவ்வளவுதான் காரணம்.

ஸ்டேஷன் மாஸ்டர் "வரட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டபடி நிற்கிறார். கோமதி வரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளே போகிறாள். அவர் தலை குனிந்து திரும்புகிறார். அப்போது உள்ளேயிருந்து குரல் வருகிறது. "வெந்நீர் போட்டிருக்கேன், ஆறிடும். செருப்ப உள்ளயே விடுங்க." முற்றும்.

பைண்டிங் கடை பாய் புரட்டிப் பார்த்துவிட்டு, "கடைசி மட்டும் வெள்ளத் தாளா இருக்குதேம்மா?" என்றார். "அந்த இதழ் நனைஞ்சி வீணாப்போச்சு பாய். பெரியம்மா வீட்டு இதழ் பார்த்து டைப் அடிச்சேன்" என்றேன். அதே பொய்யைச் சரோஜா அக்காவிடமும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக உக்காந்து அடிச்சியா!" என்றாள். அந்தப் பிடியை நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

அரையாண்டு விடுமுறை ஆரம்பித்தது. நான்கு நாள் அவள் கதவு திறக்கவில்லை. கொடியில் அவள் துணி காயவில்லை. ஐந்தாம் நாள் காலையில் என் சமையலறைக்கு வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தரையில் உட்கார்ந்தாள். நான் உருளைக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே இருந்தேன். எப்படியோ என்னைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

"விஜயா, எங்க ஸ்கூல் டிராயிங் மாஸ்டர் இருக்கார்ல..."

எனக்குத் தெரியும். ராமலிங்கம் சார். மனைவி தவறி நான்கு வருஷம் ஆகிறது, ஆறு வயதில் ஒரு பெண். ஹெட்மிஸ்ட்ரஸ் மூலம் சரோஜா அக்காவைக் கேட்டு ஒரு வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தார். இவள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தம்பி என்ன சொல்வானோ, ஊர் என்ன சொல்லுமோ, முப்பத்தேழு வயதில் மாலை போட்டால் சிரிப்பார்களோ என்று பயம்.

"அந்தக் கோமதிக்கு எவ்ளோ தைரியம் பார்த்தியா! ஊர்ல யாரையும் கேக்கல. ஒரு வார்த்த ஜாஸ்தி பேசல. வெந்நீர் போட்டாளே, அதான் பதில். நான் ஒரு வருஷமா பதில் தேடிக்கினு இருக்கேன் விஜயா. இவ்ளோ சுலபமா இருக்கும்னு தோணலையே."

என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? 'அக்கா, அது கோமதி இல்லை, நான்தான். உருளைக்கிழங்கு சீவுகிற இந்த விஜயாதான்' என்று சொல்லியிருக்க வேண்டும். "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிராயிங் மாஸ்டரை வரச் சொல்லி அனுப்பினாள். துணைக்கு நான். பதினோரு மணிக்கு வந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, குளித்த தலை இன்னும் காயவில்லை. வாசலில் நின்று, "வரச் சொன்னீங்களாமே டீச்சர்" என்றார். சரோஜா அக்கா விறுவிறுவென்று உள்ளே போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வெந்நீர் போட்டிருக்கேன், ஆறிடும். செருப்ப உள்ளயே விடுங்க!"

மனிதர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். அவர் கதையைப் படித்தவர் இல்லை. "நான் குளிச்சிட்டுதான்மா வந்தேன்..." என்று மெதுவாகச் சொன்னார். "பரவாயில்ல சார், போய்க் குளிங்க" என்றேன். அந்த நல்ல மனிதர் செருப்பை உள்ளே விட்டு, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, கிணற்றடியில் இரண்டாம் தடவையாகக் குளித்தார்! நாலு போர்ஷன்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். குளித்து முடித்துத் தலையைத் துவட்டும்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். துண்டுக்குள் முகத்தை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார்.

மாசி மாதம் கோயிலில் கல்யாணம். தம்பி வரவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்கு இது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தான். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. இன்றைக்கும் பேசவில்லை.

அம்மாவை மட்டும் அவனால் நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாவுக்குத் திடீரென்று பக்தி கூடிவிட்டது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் "கிரிவலம் போறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டுச் செங்கத்திலிருந்து பஸ் ஏறிவிடுவாள். வந்து மகள் வீட்டில் காலை நீட்டி உட்காருவாள். பேரப்பெண்ணுக்குத் தலை பின்னுவாள். மலைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதோடு கிரிவலம் முடிந்தது. ஊருக்குத் திரும்பும்போது மட்டும் விபூதிப் பொட்டலம் மறக்காமல் வாங்கிக்கொள்வாள்.

ஆனாலும் யோசித்துப் பாருங்கள். கூடப் பிறந்தவன் ஒருவன் போய்விட்டான். யாருடைய வார்த்தையை நம்பி அவனை விட்டாள்? என் வார்த்தையை! கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துப் போர்ஷனில்தான் இருந்தார்கள். அவர்கள் வீட்டில் பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டால் போதும், நான் ஓடுவேன். வாங்கிய பொருள் பழுதானால் கடைக்காரன் ஓடி வருவதில்லையா, அப்படி. ஒரு தடவை குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சண்டை. சார் கோபத்தில் வெளியே கிளம்பினார். நான் அவருக்கு முன்னால் ஓடி வாசலை மறித்து, "உப்பு கம்மி பண்ணச் சொல்றேன் சார், நீங்க உள்ள போங்க" என்றேன். "நான் தயிர் வாங்கப் போறேம்மா" என்றார் அவர்.

அந்தப் பைண்டிங் புத்தகம் ஊர் சுற்ற ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் யாரும் அந்தப் பத்திரிகை வாங்காதவர்கள், எல்லோரும் இதைத்தான் படித்தார்கள், அவர்கள் அக்காமார்கள் படித்தார்கள், அண்ணிமார்கள் படித்தார்கள். திரும்பி வரும்போது கடைசி ஆறு பக்கமும் கண்ணீர் பட்டுச் சுருங்கியிருக்கும். அசல் பக்கங்களும் நனைந்திருந்தன. ஆனால் என் பக்கங்கள் கொஞ்சம் அதிகமாகவே நனைந்திருந்தன என்று எனக்கு ஒரு எண்ணம். டைப்ரைட்டர் மை லேசில் கலையாது, அண்ணாமலையார் காப்பாற்றினார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து சரோஜா அக்கா அந்த எழுத்தாளருக்குக் கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். பத்திரிகை முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் இன்ஸ்டிடியூட் போகிற வழியில்தானே தபாலாபீஸ்!

போடவில்லை. எப்படிப் போடுவேன்? 'நான் எழுதாத முடிவுக்கு நன்றியா?' என்று அவர் பதில் எழுதினால்?

பயந்து போடாமல் இருந்தது ஒரு குற்றம். பிரித்தேனே, அது அடுத்த குற்றம். வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைச் சாத்தி, பிரித்துப் படித்தேன். அறுபது வாரம் எழுதியவருக்கு முதல் பக்கத்தில் மரியாதையாக நாலு வரி பாராட்டு. மிச்ச மூன்றரைப் பக்கமும் கடைசி அத்தியாயத்தைப் பற்றி! 'ஐயா, அந்த அத்தியாயத்தைப் படித்தபோது யாரோ என் பக்கத்துப் போர்ஷனில் உட்கார்ந்து என்னைப் பார்த்து எழுதியது போல இருந்தது. இவ்வளவு பெரிய எழுத்தாளருக்கு எங்களைப் போன்றவர்களின் பயம் எப்படித் தெரிந்தது?' என்று கேட்டிருந்தாள்.

என் பெட்டியில் மூன்று சிறுகதைகள் திரும்பி வந்து கிடக்கின்றன. எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் அது. என் பெயருக்கு வரவில்லை, ஆனால் எனக்குத்தான் வந்தது... அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். எத்தனை தடவை படித்திருப்பேன்! மனம் சோர்ந்த நாட்களில் எடுத்துப் படிப்பேன். படித்தால் வேலை வேகமாக ஓடும். என் உண்மையான குற்றம் இதுதான். தாளைக் கிழித்தது தற்செயல். பொய் எழுதியது பயம். இது வெறும் சந்தோஷம்!

அவளோ தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்பாள். ஒரு மாதம் நின்றாள், இரண்டு மாதம் நின்றாள். அப்புறம், "பெரிய மனுஷங்க, எத்தன பேருக்குத்தான் பதில் போடுவாங்க" என்று அவளாகவே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆறேழு வருஷம் போயிற்று. ஒருநாள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னையும் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப்போனாள். டீச்சர்கள் அறையில் கோமதி பேச்சு வந்தது. வேலூரிலிருந்து புதிதாக வந்த ஒரு சின்ன டீச்சர் குறுக்கே புகுந்தாள்.

"இல்லீங்க, அவ கதவ சாத்திடுவா. டிரான்ஸ்பர் வாங்கிக்கினு வேற ஊருக்குப் போயிடுவா. இப்ப புக்காவே வந்துட்டுது, நான் படிச்சேன்."

அறையே கொதித்தது. "கோமதியாவது, கதவ சாத்துறதாவது!" என்றாள் தமிழ் டீச்சர். "நீங்க வேற ஏதோ கதைய சொல்றீங்க" என்றாள் இன்னொருத்தி. சரோஜா அக்கா எழுந்தே நின்றுவிட்டாள். "எங்ககிட்ட பைண்டிங்கே இருக்குது. விஜயா, நீ சொல்லு. நீதான டைப் அடிச்ச?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பின.

"ஆமா, நான்தான் டைப் அடிச்சேன்" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

பாவம், அந்த வேலூர்ப் பெண் குழம்பிப்போனாள். "அப்ப நான்தான் மாத்தி ஞாபகம் வச்சிருக்கேனோ..." என்று முணுமுணுத்தாள். அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறுநாளே நூலகத்துக்கு ஓடினேன். புத்தகம் வந்திருந்தது. அலமாரிக்கு முன்னால் நின்றபடியே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். கோமதி கதவைச் சாத்துகிறாள். சாத்திய கதவுக்குப் பின்னால் அவள் நிற்பதை அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார் பாருங்கள்... எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுதான் எழுத்து! நான் எழுதியது வெறும் வெந்நீர்.

சரோஜா அக்கா இதைப் படித்திருந்தால்? அவளும் கதவைச் சாத்தியிருப்பாள். தம்பி இருந்திருப்பான். சார் இருந்திருக்க மாட்டார். எது சரி? நான் யார், இதைத் தீர்மானிக்க?

புத்தகத்தை அதன் இடத்தில் வைக்கவில்லை. வேளாண்மை அலமாரியில், நிலக்கடலைப் பூச்சி மருந்து புத்தகங்களுக்குப் பின்னால் செருகினேன். சரோஜா அக்கா அந்தப் பக்கம் போக மாட்டாள். மாதம் ஒரு தடவை போய் அது அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். நூலகர், "மேடம், உங்களுக்கு எத்தன ஏக்கர் கடலை?" என்று ஒருநாள் கேட்டார்.

பின்னொரு நாள் அந்த எழுத்தாளர் காலமானார் என்று செய்தித்தாளில் வந்தது. சரோஜா அக்கா அன்று பகல் முழுக்கச் சாப்பிடவில்லை. கோயிலில் அவர் பெயருக்கு விளக்கு ஏற்றினாள். நானும் பக்கத்தில் நின்றேன். அந்தக் கடிதத்தை அவர் படிக்கவே இல்லை. முதல் பக்கத்தில் அவருக்கென்று இருந்த நாலு வரியைக்கூட நான் போய்ச்சேர விடவில்லை. இனி அதைச் சேர்க்கவும் முடியாது.

போன மாதம் அவளுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். கொஞ்ச நாள் எதுவும் படிக்கக் கூடாது என்றார் டாக்டர். பார்க்கப் போயிருந்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். சார் எனக்குக் காபி கலக்கப் போனார். அவர்கள் பெண் இப்போது நர்ஸ்! சின்ன வயதில் கோமதி கதை கேட்டுக் கேட்டே அந்தப் படிப்புக்குப் போனாளாம். அதையும் என் கணக்கில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

"போர் அடிக்குது விஜயா. அந்தக் கடசி அத்தியாயத்த படிச்சிக் காட்டேன்" என்றாள்.

படித்தேன். பதினேழு வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த பக்கங்கள். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. எவ்வளவு பிழை! எவ்வளவு அவசரம்! முடிவுக்கு வந்தபோது தாங்கவில்லை, வாயிலேயே கொஞ்சம் திருத்தினேன். "செருப்ப உள்ளயே விடுங்க. வெந்நீர் போட்டிருக்கேன், ஆறிடும்" என்று மாற்றிப் படித்தேன். எழுதியவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

"தப்பு தப்பு!" என்றாள் அவள், கண்ணாடிக்குள்ளிருந்து. "வெந்நீர்தான் முதல்ல. அப்புறம்தான் செருப்பு. ஒழுங்கா பார்த்துப் படி."

"ஆமாம்மா, வெந்நீர்தான் முதல்ல" என்றார் சார், சமையலறையிலிருந்து.

நான் திரும்பப் படித்தேன். உள்ளது உள்ளபடி. அவள் தலையாட்டினாள், கண்ணாடிக்குக் கீழே ஈரம் வழிந்தது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். துடைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவரு என் லெட்டர படிச்சிருப்பாரா விஜயா?" என்று கேட்டாள்.

சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது... சார் காபி டம்ளரோடு அறை வாசலில் நின்றார். அவர் செருப்பு, வழக்கம்போல, கதவுக்கு உள்பக்கம் கிடந்தது.

"படிச்சாச்சுக்கா. ஒரு தடவ இல்ல, நிறைய தடவ" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்!" என்று சிரித்தாள். பிறகு தலையணையைச் சரிசெய்துகொண்டே, கோபமே இல்லாமல், "படிச்சிருந்தா ஒரு வரி பதில் போட்டிருக்கலாம்" என்றாள்.

போட்டிருக்கலாம்தான். கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. நான் இன்னும் பதில் போடவில்லை.